பீரோவுக்குள்ள சோப்பு

ஏல பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. வாத்தியார் வேலைக்குப் போயி மூணு மாசம் ஆகல, அதுக்குள்ள அக்டோபர் 15-க்குக் கை கழுவுத விழா நடத்திட்டியாமே! 2008-லேர்ந்து உலகமே கொண்டாடுதாம். கொண்டாடட்டும். பேனர் எத்தனை அடில? பத்தா? குழாயில எத்தனை சொட்டு வந்துச்சு?

நானும் வேலியோரமா நின்னு பாத்தேம்லா. ஏழு படியாம், படிக்கொரு பாட்டாம். பிள்ளைய எல்லாம் வெறுங்கைய முறுக்கி முறுக்கி ஆடுதுவ. கும்மி தோத்துது போ! தண்ணியக் காணும். சோப்பு? அது பீரோவுக்குள்ள. சாவி பெரிய வாத்தியார் இடுப்புல. வெளிய வச்சா காக்கா தூக்கிட்டுப் போயிருமாம். காக்காய்க்குத் தெரிஞ்சிருக்குடே அதோட அருமை.

பொறவு வந்தாரு சிறப்பு விருந்தாளி. கை கழுவ இருபது செகண்டு போதும்ங்கத இருபது நிமிசம் பேசுனாரு. எறங்குனவரு நேரா வடைத்தட்டுலலா கைய விட்டாரு! முன்வரிசைப் பொடியன் ஒருத்தன் கண்ண எடுக்காம பாத்துக்கிட்டிருந்தான். அன்னைக்கு அவன் படிச்ச பாடம் எது?

படிச்சவனக் கை கழுவச் சொன்னா ரோசம் பொத்துக்கிட்டு வரும். 1847-ல வியன்னா ஆசுபத்திரியில செம்மல்வைஸ்னு ஒரு டாக்டரு. பொணத்த அறுத்த கையோட பிரசவம் பாக்கப் போனா தாய்க்காரி சாகாம என்ன செய்வா? குளோரின் சுண்ணாம்புத் தண்ணியில கழுவிட்டுப் போங்கய்யான்னாரு. சாவு மளமளன்னு கொறஞ்சுது. அப்பவும் பெரிய டாக்டருமாரு, எங்க கையா அழுக்குன்னு மொகத்தத் திருப்பிக்கிட்டாவ. பாவம், 1865-ல மனநோய் விடுதியில கெடந்து செத்தாரு மனுசன்.

நாங்க சாம்பல்ல கழுவுன கூட்டம். அதுக்காகச் சோப்பக் கொறை சொல்லுவனா? மீன்கொழம்பு தின்ன கைய வெறுந்தண்ணியில கழுவிப் பாரு, போவுமா? சோப்பு ஒரு முனையில எண்ணெயப் பிடிக்கும், மறுமுனையில தண்ணியப் பிடிக்கும். அழுக்கும் கிருமியும் அதோட சேர்ந்து போயிரும். இதுக்கு எதுக்குல கிருமிக்கொல்லி சோப்புன்னு கூடக் காசு அழுத? சாதா சோப்பவிட ஒசத்தின்னு ருசுப்பிக்க முடியலன்னுதான் 2016-ல அமெரிக்காக்காரன் டிரைக்ளோசான் மாதிரி 19 சரக்கக் கை கழுவுத சோப்புல போடக் கூடாதுன்னுட்டான்.

வெங்காயம் வார வலைப்பை கெடக்குல்லா? அதுல ஒரு கட்டியப் போட்டுக் குழாயில இறுக்கிக் கட்டு. எந்தக் காக்கா தூக்குதுன்னு பாப்போம். தண்ணி வரலன்னா அடியில குழா வச்ச டிரம்மு ஒண்ணு வை. பேனர் காசுல வாங்கிரலாம். சத்துணவு மணி அடிச்சதும் தட்டத் தூக்கிட்டு ஓடியாரும்லா பிள்ளைய, அதுவ கண்ணு முன்னால நீ நின்னு கழுவு. பாட்டெல்லாம் வேண்டாம்.

இந்தா, ஒன் ஆச்சி அதிரசம் கொண்டாந்துட்டா. எடுத்துக்க... ஏல, ஏல! எங்கன நீட்டுத கைய?