புகையிலைப் பதம்

சுங்கான் பிடிக்கும் மனிதரைத் தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள், அவர் சாய்வு நாற்காலியில் காலை நீட்டி, கண்ணைப் பாதி மூடி, சம்சார பந்தங்களையெல்லாம் புகையோடு புகையாக விட்டொழித்த ஒரு பரம ஞானியென்றே நினைத்துக்கொள்வார்கள். திருச்சியிலும் பிற்பாடு சென்னையிலும் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்து, என் மாமனார் அந்த ஞானத்தை எவ்வளவு பிரயாசைப்பட்டுச் சம்பாதித்தார் என்பதைப் பக்கத்திலிருந்து கவனிக்கும் பாக்கியம் பெற்றவனாகையால், அந்த அபிப்பிராயத்தை நான் மறுக்க வேண்டியிருக்கிறது. சுங்கான்காரரின் ஆயுளில் புகை விடும் நேரம் சொற்பம்; புகையிலையை உலர்த்துவதிலும், உலர்ந்துபோனதை நனைப்பதிலும், அளவுக்கு மீறி நனைந்துவிட்டதை மறுபடி உலர்த்துவதிலுமே பெரும்பகுதி கழிந்துவிடுகிறது.

மாமனார் பொன்மலை ரயில்வே பட்டறையில் உத்தியோகம் பார்த்தவர். அங்கே மேலதிகாரியாயிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குக் கப்பலேறும்போது விட்டுச்சென்ற சுங்கானையும் அதைச் சேர்ந்த சாஸ்திரத்தையும் ஒருங்கே சுவீகரித்துக்கொண்டார். திருச்சிராப்பள்ளியில் குடியிருந்துகொண்டு சுருட்டை விட்டுச் சுங்கானைத் தொடுவது ஊருக்கே செய்யும் துரோகம் என்று உறையூர் உறவினர்கள் எடுத்துச் சொன்னார்கள். 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே, கொலைகாரன் பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று சாம்பலைக் கொண்டு கண்டுபிடிக்கும் கட்டம் வருவதைப் பெருமையோடு எடுத்துக்காட்டினார்கள். “சுருட்டுப் பிடித்தவன் கொலைகாரன், சுங்கான் பிடித்தவர் துப்பறிகிறவர். நான் எந்தக் கட்சியில் சேர வேண்டும் என்கிறீர்கள்?” என்று மாமனார் கேட்டதற்குப் பிறகு உறையூரிலிருந்து அது சம்பந்தமாக யாரும் வரவில்லை.

“இஞ்சினுக்கு நீராவி உயிர், மாப்பிள்ளை, சுங்கானுக்கு அதுவேதான் எமன்” என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். டப்பாவைத் திறக்கும்போது புகையிலையில் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறையாமல் ஈரம் இருப்பது சகஜம். எடை போட்டு விற்கும் பண்டத்தில் தண்ணீருக்கும் புகையிலை விலையே கிடைக்கும்போது வியாபாரி அதைக் குறைக்க என்ன முகாந்தரம் இருக்கிறது என்பது ஒருபுறமிருக்க, இலை நொறுங்காமல் ஊர் வந்து சேர்வதற்கு அந்த ஈரம் அவசியமும்கூட. ஆனால் அதை அப்படியே எடுத்துப் பற்றவைத்தால் நடப்பது வேறு. ஒரு தரம் திணிக்கும் புகையிலை இரண்டரை கிராம் என்று வைத்துக்கொண்டால் அதில் அரைக் கிராம் தண்ணீர். ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 540 கலோரி உஷ்ணம் வேண்டுமென்ற கணக்குப்படி, 270 கலோரி புகையிலையைக் கருக்காமல் வெறும் வெந்நீர் போடுவதிலேயே விரயமாகிறது. ஆகவே நெருப்பு அணைகிறது; குச்சியைக் கிழிக்கிறார்; மறுபடியும் அணைகிறது; ஆத்திரத்தில் பலமாக இழுக்கிறார்; நீராவி தண்டு வழியாக ஏறி நாக்கைச் சுடுகிறது; வழியிலேயே குளிர்ந்துபோன மிச்ச ஆவி தண்டுக்குள் நீராகத் தேங்கி, நாலு பேர் கூடியிருக்கும் சபையில் ‘கொறகொற’ என்று சப்தமிட்டு, சற்று அசிரத்தையாக இருந்தால் கஷாயமாக மாறி வாய்க்கே வந்து சேர்கிறது.

சரி, ஈரமே இல்லாமல் காயவைத்துவிட்டால் என்ன என்று நான் கேட்டதுண்டு. அப்போது குபுகுபுவென்று பற்றிக்கொண்டு, கிண்ணத்தைக் கையால் தொட முடியாதபடி காய்ந்து, வாசனைத் தைலமெல்லாம் முன்பே பறந்துபோய்விட்டபடியால் வெறும் காரத்தை மாத்திரம் கொடுத்துவிட்டு, நிமிஷத்தில் சாம்பலாகிவிடும். தவிரவும், எரிதல் என்ற கிரியையே தண்ணீரை உண்டுபண்ணுவது. பொட்டு ஈரமில்லாத புகையிலையிலும் தண்டு கொஞ்சம் வியர்க்கத்தான் செய்யும். எனவே நூற்றுக்கு 12 முதல் 15 பங்கு ஈரம் நிற்கும்படி விட்டுப் பிடிப்பதே உத்தமம் என்பது அனுபவஸ்தர்கள் முடிவு. அந்த 12-ஐ எந்தத் தராசில் நிறுப்பது என்பதுதான் மாமனாரின் வாழ்நாள் பிரச்னை.

அவருக்கு ஒரு பித்தளைத் தாம்பாளம் உண்டு. அதில் பழைய பத்திரிகைத் தாளை விரித்து, பட்டையாக மடிந்திருக்கும் புகையிலையை விரல்களால் நிதானமாக உதிர்த்துப் பரப்பி, வெயில் படாமல் காற்று மாத்திரம் படும் ஜன்னலோரமாக வைப்பார். வெயில் திரும்பினால் தாம்பாளத்தை நகர்த்துவது மாப்பிள்ளையின் கைங்கரியம். கால்மணிக்கு ஒரு தரம் ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்திவிட்டு விடுவார். அழுத்தினது அழுத்தினபடியே வில்லையாக நின்றால் ஈரம். மொறுமொறுத்து உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்திருப்பது மாதிரி மெல்ல மெல்லப் பிரிந்தால் அதுவே பதம். இதில் துயரம் என்னவென்றால், பதம் வந்துவிட்டதா என்ற சந்தேகத்தில் அவர் சோதித்துக்கொண்டிருக்கும்போதே பதம் தாண்டிப் போய்விடும்.

ஒரு நாள் வடாம் பிழிவதற்குத் தாம்பாளம் தேவைப்பட்டு அதை எடுக்க வந்த மாமியார், அதிரசத்துக்கு வெல்லப் பாகு உருட்டிப் பார்க்கும் கையால் புகையிலையையும் ஒரு தடவை உருட்டிப் பார்த்துவிட்டு, “இன்னும் அரைமணி ஆறட்டுங்க” என்று சொல்லிப் போனார். அரைமணி கழித்துப் பற்றவைத்தபோது, ஒரே குச்சியில் பிடித்த நெருப்பு கடைசிவரை அணையவில்லை. அன்றிலிருந்து மாமனார், ஏதோ வேறு காரியமாகப் போகிறவர்போல ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் போய்வருவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாளோ, தம் அபிப்பிராயத்தைத் தெரிவித்த கையோடு இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொள்வார்.

திருச்சியில் சித்திரை வெயில் மூன்றாம் நாளே டப்பாவுக்குள் புகுந்துவிடும். அப்போது ஈரம் ஊட்ட வேண்டும். ஓர் ஆப்பிள் துண்டைப் போட்டு மூடிவைக்கலாம் என்பது வெள்ளைக்காரர் கற்பித்த முறை. ஜுரக்காரருக்கே ஆப்பிள் அபூர்வமாயிருந்த நாளில் அதைப் புகையிலைக்கு ஊட்டுவதா என்று மாமியார் ஆட்சேபித்தார். மாமனார் அதற்குப் பதிலாக உருளைக்கிழங்குத் துண்டு வைத்தார். புகையிலை மீது வெண்பூஞ்சணம் பூத்தது. ஆப்பிளானாலும் கிழங்கானாலும் அழுகும் பண்டம் அழுகவே செய்யும் என்பதால், கடைசியில் உடைந்த மண்சட்டி ஓடு ஒன்றைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மேல் ஈரத்தைத் துடைத்துவிட்டு டப்பாவில் போட்டு வைத்தார். இதைவிட நல்ல உபாயம் அவருக்குக் கிடைக்கவில்லை.

உத்தியோகம் முடிந்து மந்தைவெளிக்குக் குடிவந்ததும் சாஸ்திரம் தலைகீழாயிற்று. கடற்கரைக் காற்றிலிருந்து புகையிலை தானாகவே தண்ணீரைக் குடித்தது. ஐப்பசி அடைமழையில் தாம்பாளத்தை வைத்தால் காலையில் இருந்ததைவிட மாலையில் ஈரம் கூடியிருக்கும். கூடத்து வால்வு ரேடியோவின் தலையில் கைவைத்துப் பார்த்த மாமனார், அதன் மிதமான சூடு புகையிலைக்கென்றே படைக்கப்பட்டது என்று தீர்மானித்தார். மாகாணச் செய்தி ஆரம்பிக்கும்போது வைத்தால் சங்கீதக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் வரும்போது எடுத்துவிடலாம். ரேடியோவிலிருந்து கச்சேரியோடு புகையிலை வாசனையும் வந்ததில் சங்கீத ரசிகரான பக்கத்து வீட்டுக்காரருக்கு மனஸ்தாபம்.

இவ்வளவு சிரத்தையுள்ளவருக்கு ஷெர்லக் ஹோம்ஸிடம் இருந்த பழைய பக்தியும் குறைந்துவிட்டது. அந்த மகானுபாவர் புகையிலையைப் பாரசீகச் செருப்பின் நுனியில் திணித்துவைத்தார். முதல் நாள் பிடித்து மிஞ்சிய அடிக்கட்டைகளைக் கணப்பு மாடத்தில் உலர்த்தி மறுநாள் காலை பிடித்தார். “140 வகைச் சாம்பலைப் பற்றிப் புத்தகம் எழுதினவருக்கு, சாம்பலாகுமுன் அது எப்படி இருக்க வேண்டுமென்று தெரியவில்லையே” என்பார். டப்ளின் பீட்டர்சன் 1890-இல் காப்புரிமை பெற்ற, கசியும் நீரைத் தேக்க அடியில் குழி வைத்த சுங்கானையும் அவர் மதிக்கவில்லை. ஒழுங்காக உலர்த்தத் தெரிந்தவனுக்குச் சாக்கடை எதற்கு என்பது அவர் கட்சி. எத்தனை நாள் உலர்த்தினாலும் பிசுபிசுப்புப் போகாத கிளிசரின் கலந்த வாசனைப் புகையிலையை அனுப்பிய உறவினர் ஒருவருக்கு அவர் நன்றிக் கடிதமே எழுதவில்லை.

கொஞ்ச நாளாக இருமல் தொந்தரவு தந்ததால் டாக்டரிடம் போனோம். தாம் பதம் பார்த்துப் பிடிக்கிறவர் என்பதை மாமனார் அரைமணி நேரம் விஸ்தாரமாக எடுத்துரைத்தார். ஈரப் புகையிலையானாலும் காய்ந்த புகையிலையானாலும் வாய்க்கும் தொண்டைக்கும் செய்யும் கெடுதலில் வித்தியாசமில்லை, உடனே நிறுத்த வேண்டியதுதான் என்றார் டாக்டர். விஷயஞானம் இல்லாதவர் என்று சொல்லி மாமனார் டாக்டரை மாற்றினார். புதிய டாக்டரும் அதையே சொன்னார்.