காகிதத்தில் பெரிய ஊர்

எங்கள் கடப்பாக்கம் காகிதத்தில் என்றைக்குமே பெரிய ஊர்தான். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழி, நடுவில் தென்னையும் சவுக்கும் நிற்கிற மணல் துண்டு. இந்தத் துண்டுக்கு இடைக்கழிநாடு என்று பெயர். சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் தமிழ் ஐயாவின் முதுகு நிமிர்ந்துவிடும். அந்தப் பாட்டில் பசியோடு வரும் பாணர்களுக்கு எயிற்பட்டினத்தில் சுட்ட மீன் கிடைக்கும். எங்களுக்கு மத்தியானம் கோதுமை உப்புமா கிடைத்தது.

ஊரின் ஆலம்பரைக் கோட்டையில் ஒரு காலத்தில் நாணயச்சாலை இருந்தது. ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் காலத்தில், 1736க்கும் 1740க்கும் இடையில் கட்டிய கோட்டை. 1750இல் பிரெஞ்சுக்காரர் டூப்ளேவுக்குப் போனது. 1760இல் ஆங்கிலேயர் பிடித்து, பிடித்த கையோடு இடித்தும் விட்டார்கள். துறைமுகம், கப்பல், ஏற்றுமதி என்று சரித்திரப் புத்தகத்தில் எங்கள் ஊர் ஜொலிக்கும். காசு அடித்த ஊரில் என் ஆயா கையில் காசு இருந்து நான் பார்த்தது அபூர்வம். இறாலையும் நண்டையும் கூடையில் சுமந்துகொண்டு மேற்கே விவசாய ஊர்களுக்குப் போவாள். நெல்லாக மாற்றிக்கொண்டு பொழுது சாயத் திரும்புவாள்.

இறால் பிடிக்க அப்போது வலையும் வேண்டாம், படகும் வேண்டாம். கழியில் தண்ணீர் வடிகிற நேரம் பார்த்துப் பெண்கள் இறங்குவார்கள். இடுப்பளவு தண்ணீரில் குந்தி, தலை மட்டும் வெளியே தெரிய, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். வாய் குறுகலாக முடைந்த பனையோலைப் பறியின் கயிறு பல்லுக்கு நடுவில் இருக்கும். விரலில் இறால் தட்டியதும் ஒரே அமுக்கு, தலை உடையாமல் எடுத்துப் பறிக்குள் போடுவார்கள். பல்லில் கயிறு இருப்பதால் அந்த நேரத்தில் யாரும் பேச முடியாது. ஆயா வாயை மூடிக்கொண்டிருந்து நான் பார்த்தது அப்போது மட்டும்தான். கரையேறியதும் சேர்த்து வைத்துப் பேசிவிடுவாள். விரல் நுனிகள் வெளுத்து ஊறி, இறால் முள் கிழித்த கீறல்களில் உப்புத் தண்ணீர் எரியும். அதற்கு மருந்து தேங்காய் எண்ணெய். வேறு எதற்கும் அதுதான் மருந்து. அது கேட்காவிட்டால் மதுராந்தகம்; பஸ் வந்தால்.

சாலை அப்படி இருந்ததே தவிர, தண்ணீர் வழி எங்களுக்குத் தாராளமாக இருந்தது. பக்கிங்காம் கால்வாய் காக்கிநாடா பக்கத்திலிருந்து தெற்கே மரக்காணம் வரை வருகிறது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாகச் சென்னையில் கால்வாய்களை வெட்டி இணைத்து, 1878இல் கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். உப்பும் சவுக்கு விறகும் அதில்தான் பட்டணம் போயின. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கரையில் ஆட்கள் கயிறு கட்டி இழுப்பார்கள். பாரதிதாசன் இந்தக் கால்வாயில் மாவலிபுரத்துக்குப் படகில் போனதையும், படகை இழுத்தவர்கள் பட்ட பாட்டையும் பாடியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் அதை யாரும் ரசித்துப் பார்க்கவில்லை. இழுத்தவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள்.

1965, 66 புயல்களுக்குப் பிறகு கால்வாய் படுத்தது. லாரிகள் வந்தன. நான் பார்த்த காலத்தில் அதில் படகைவிட எருமைகள் அதிகம். 2008இல் ஒருநாள் செய்தி வந்தது: கால்வாயையும் கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் பகுதிகளையும் சேர்த்து, காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரை தேசிய நீர்வழி எண் 4 ஆக அறிவித்துவிட்டார்கள். நூறு படகு போனபோது அது வெறும் கால்வாய். ஒன்றும் போகாதபோது தேசிய நீர்வழி. எருமைகளுக்கும் பதவி உயர்வுதான்.

மின்சாரக் கதையும் இதே ரகம். சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு வெளிச்சம் என்பது அரிக்கேன் விளக்கு. வீட்டுக்கு ஒரு குண்டு பல்பு கேட்டு மனு எழுதி எழுதியே ஊரில் இரண்டு பேருக்குக் கையெழுத்து அழகானது. கேட்டது கொஞ்சம் என்று நினைத்தார்களோ என்னவோ, பின்னால் செய்யூரில் 4,000 மெகாவாட் அனல்மின் நிலையம், அதற்கு நிலக்கரி இறக்கப் பனையூரில் தனித் துறைமுகம் என்று திட்டம் வந்தது. ஊர்கள் எதிர்த்தன, வருஷக்கணக்கில் இழுத்து, கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. ஒரு பல்புக்கும் 4,000 மெகாவாட்டுக்கும் நடுவில் ஏதாவது அளவு இருக்கக்கூடாதா என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை.

மாவட்டமும் எங்களை அலைக்கழித்தது. பிறந்தது செங்கல்பட்டு மாவட்டம். 1997இல் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் போனோம். 2019இல் மறுபடி செங்கல்பட்டு. வீட்டைவிட்டு ஓர் அடி நகராமல் போய்த் திரும்பியிருக்கிறோம். ரேஷன் கார்டுக்குத்தான் கால் வலித்திருக்கும்.

இப்போது ஊருக்கு எல்லாரும் வருகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது. மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் அது இன்று தேசிய நெடுஞ்சாலை 332ஏ. நான்கு வழியாக அகலமாகிறது. பஸ்ஸே வராத ஊரில் இன்று பாதி பஸ் நிற்காமல் போகிறது. முன்பு புயல் வந்து போன பிறகுதான் அது புயல் என்று தெரியும். இப்போது நாலு நாள் முன்பே மைக் பிடித்தவர்கள் வந்து, மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, லேசான தூறலில் கத்துகிறார்கள். நிஜக் காற்று வரும்போது கரண்டு போய்விடுவதால் அவர்கள் சொன்னது எதையும் நாங்கள் பார்த்ததில்லை. இதில் கேலிக்கு ஒரு எல்லை உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று அந்த மைக்கில் ஒன்று, ஒரு மணி நேரம் முன்னால் கத்தியிருக்கலாம்.

சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் போய் பைபர் படகுகள் வந்தன. கோட்டையின் மிச்சச் சுவரும் அசைந்துவிட்டது. அந்தச் சுவரடியில் இன்று சினிமாக்காரர்களும் கல்யாண ஆல்பம் எடுப்பவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். தென்னந்தோப்புக்குள் விடுதிகள். கூரை வீடு, அரிக்கேன் விளக்கு, மண்பானைத் தண்ணீர், போன் எடுக்காத அமைதி: நாங்கள் எதையெல்லாம் ஒழித்துக்கட்ட மனு எழுதினோமோ, அதெல்லாம் ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று வாடகைக்குக் கிடைக்கிறது. மண்ணெண்ணெய் விளக்கைப் பார்த்து ஒரு அம்மா, "எவ்வளவு அமைதியா இருக்கு!" என்றார். படிக்கிற பையனின் தலைமுடியை அது கருக்கிய வாசனை அவருக்குத் தெரிய நியாயமில்லை.

போன பொங்கலுக்கு நானும் கோட்டைப் பக்கம் போனேன். கழிக்கரையில் ஒரு இளைஞர் ஓடி வந்தார். "இன்னா சார், அக்கரைக்குப் போவணுமா? மணல் திட்டு, முகத்துவாரம் எல்லாம் காட்டிட்டு வர்றேன். தலைக்கு இருநூறு."

"தம்பி, நான் இந்த ஊர்தான்பா. சின்னதுல நடந்தே போவோம்."

"அப்படியா சார்? ஊர்க்காரருன்னா நூத்தம்பது குடுங்க."

கொடுத்தேன். முழங்கால் இப்போது சேற்றை ஒப்புக்கொள்வதில்லை. லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு, நான் மீன் பிடித்த தண்ணீரை அவர் எனக்கு விளக்கிச் சொல்லக் கேட்டுக்கொண்டு வந்தேன். பரவாயில்லை, நன்றாகவே சொல்கிறார். டூப்ளேவைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்.

நீங்களும் வாருங்கள். வெயில் தாழ்ந்து வந்தால் நல்லது. முகத்துவாரத்தில் இறங்கிக் குளிக்காதீர்கள்; மேலே சாதுவாகத் தெரியும், அடியில் இழுப்பு பலம். கோட்டைச் செங்கல்லில் காதலியின் பெயரைக் கீறுகிறவர்கள் இனிஷியலையும் சேர்த்துக் கீறினால் பின்னால் அடையாளம் காண வசதி. தண்ணீர் பாட்டில்களை மட்டும் தயவுசெய்து வந்த வண்டியிலேயே எடுத்துப்போய்விடுங்கள். கழியில் இன்றும் சில பெண்கள் குந்தித் தடவித்தான் இறால் பிடிக்கிறார்கள். இறாலுக்கு முன்னால் அவர்கள் கையில் தட்டுவது உங்கள் பாட்டில்.