யானை பார்த்த ஊர்கள்

வெளிநாட்டுக் கடிதம்: கென்டிலிருந்து அப்புத்தளைக்கு

பயணப் பொம்மை என்பது, உரியவர் வீட்டில் இருக்கத் தான் மட்டும் ஊர் சுற்றப் போகும் பொம்மை. கரடி, முயல், யானை என்று எந்த உருவத்திலும் இருக்கலாம். போகும் இடமெல்லாம் அதை முன்னால் நிறுத்திப் படம் பிடிப்பது கூடப் போகிறவரின் வேலை. படத்தில் கூடப் போனவர் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. பொம்மை தெரியாவிட்டால்தான் குற்றம்.

இங்கிலாந்தின் ஆரம்பப் பாடசாலைகள் பலவற்றில் இது ஒரு வழக்கம். வெள்ளிக்கிழமை பின்னேரம் வகுப்புப் பொம்மை ஒரு பிள்ளையின் பைக்குள் ஏறும். கூடவே ஒரு கொப்பியும் ஏறும். சனி, ஞாயிறில் பொம்மை எங்கே போனது, என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்குத் தூங்கியது என்று பிள்ளை அதில் எழுதிப் படமும் ஒட்ட வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு எழுத வராது. ஆகவே எழுதுகிறவர் தகப்பன். எழுத்துப் பிழை மட்டும் பிள்ளையுடையது போல வேண்டுமென்றே விடப்படும்.

சென்ற ஆகஸ்ட் விடுமுறையில் இங்கிலாந்தின் கென்டிலிருந்து சொந்த ஊரான இலங்கை அப்புத்தளைக்கு வந்த குடும்பம் ஒன்று, சாம்பல் நிறத் துணி யானை ஒன்றைக் கோயில் வாசலிலும் ஸ்டேஷனிலும் ரொட்டிக் கடையிலும் உட்கார வைத்துப் படம் எடுத்ததைப் பற்றி தேயிலைத் தோட்டத்து லயத்தில் இன்னும் பேச்சு ஓயவில்லை என்று தெரிகிறது. “குளிர் தலைக்கு ஏறிடுச்சு” என்று தகப்பனைப் பெற்ற அப்பாயி முடிவு கட்டிவிட்டதாகவும் தெரிகிறது. அந்த முடிவை மாற்ற முடியாது. ஆனாலும் விளக்கம் தேவைப்படுகிறது.

பொம்மையை ஊருக்கு அனுப்பும் பழக்கம் திருட்டில் தொடங்கியது. வெள்ளைக்காரர் வீட்டு முற்றங்களில் சிவப்புத் தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக ஒரு குள்ளன் சிலை நிற்கும். நம்மூர் திருஷ்டி பொம்மைக்கு அண்ணன் முறை. வேலைதான் ஒன்றும் கிடையாது. 1980களில் ஆஸ்திரேலியாவில் சிலர் இந்தக் குள்ளனை இரவோடு இரவாகத் தூக்கிக்கொண்டு போய், அவனே எழுதுவது போல, ஊர் ஊராகப் படத்தோடு தபாலட்டை போட்டார்கள். 2001இல் வந்த ‘அமேலி’ என்ற பிரெஞ்சுப் படத்தில், கதாநாயகி தன் தகப்பனின் குள்ளன் சிலையை விமானப் பணிப்பெண் ஒருத்தியிடம் கொடுத்து உலகம் சுற்ற வைப்பாள். வீட்டை விட்டு நகராத தகப்பன், தபாலில் வரும் படங்களைப் பார்த்துத் திகைத்துப் போவார்.

பாடசாலைக்குள் இது வந்த வழி வேறு. 1964இல் ஜெஃப் பிரவுன் என்ற அமெரிக்கர் ‘ஃபிளாட் ஸ்டான்லி’ என்று ஒரு சிறுவர் கதை எழுதினார். இரவில் அறிவிப்புப் பலகை மேலே விழுந்ததில் ஸ்டான்லி என்ற பையன் அப்பளம் போலத் தட்டையாகிவிடுகிறான். விமானச் சீட்டு விலை அதிகம் என்பதால், பெற்றோர் அவனை உறைக்குள் போட்டு முத்திரை ஒட்டி கலிபோர்னியாவுக்கு அனுப்புகிறார்கள். கனடாவில், ஒன்றாரியோ மாகாணத்து லண்டன் நகரில் டேல் ஹூபர்ட் என்ற ஆசிரியர் 1995இல் இதைப் பாடமாக்கினார். பிள்ளைகள் காகிதத்தில் ஸ்டான்லியை வெட்டி வேறு ஊர்ப் பாடசாலைக்குத் தபாலில் அனுப்புவார்கள். அங்கே உள்ளவர்கள் அவனுக்கு ஊரைக் காட்டி, குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவார்கள். புவியியலும் கடிதம் எழுதுவதும் ஒரே முத்திரைச் செலவில் முடிந்தன.

யப்பானில் இது தொழிலாகவே ஆனது. தோக்கியோவில் அசுமா சோனோயே என்ற பெண் 2010இல் ‘உனாகி ட்ராவல்’ என்ற சுற்றுலா நிறுவனத்தைத் தொடங்கினார். உனாகி என்றால் விலாங்கு மீன். பயணிகள் அத்தனை பேரும் பொம்மைகள். உரியவர் கட்டணம் கட்டிப் பொம்மையைத் தபாலில் அனுப்பினால், அது பழைய தலைநகரான கமக்கூராவில் பெரிய புத்தர் சிலையைப் பார்த்துவிட்டுப் படங்களோடு திரும்பும். நோயில் படுத்தவர்களும் வெளியே போக முடியாதவர்களும் தங்கள் பொம்மையை அனுப்பிவைத்து, அதன் கண் வழியே ஊர் பார்த்தார்கள். அப்பாயி சிரிக்க முடியாத இடம் இது. முழங்கால் பிடித்த நாளிலிருந்து கதிர்காமம் போக முடியாமல், போகிறவர் கையில் ஒரு முடிச்சுக் காசு கொடுத்தனுப்பி, திருநீறு வந்ததும் தானே போய் வந்தது போலக் கண்ணை மூடிக்கொள்பவர் அவர்.

தமிழ் மண்ணிலும் ஊர் சுற்றும் பொம்மை ஒன்று பிறந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு, ஆரோவில்லில் உள்ள ‘உபாசனா’ என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனம், கடலோர மீனவப் பெண்களுக்குத் துணி மிச்சத்தில் விரல் நீளப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. பெயர் ‘சுனாமிகா’. விற்பனைக்கு அல்ல, கையிலிருந்து கைக்குக் கொடுப்பதற்கு மட்டும் என்பது விதி. அப்படியே பல இலட்சம் சுனாமிகாக்கள் நாடு நாடாகப் போயின. படம் பிடித்து அனுப்பு என்று எவரையும் அவை கேட்கவில்லை.

இங்கிலாந்து வகுப்பு யானை கேட்கும். அதன் கொப்பியைத் திறந்தால் வெளிநாட்டு வாழ்க்கையின் போட்டி முழுவதும் தெரியும். ஒரு குடும்பம் அதைப் பாரிசுக்கு ரயிலில் கூட்டிப்போய் ஈஃபில் கோபுரத்தடியில் நிறுத்தியிருக்கிறது. இன்னொரு குடும்பம் பாய்மரப் படகில் ஏற்றியிருக்கிறது. அப்புத்தளைக் குடும்பத்தின் முறை வந்த முதல் வாரத்தில் தகப்பனுக்கு இரண்டு நாளும் இரவு வேலை. யானை துணி துவைக்கும் மெஷினையும், பருப்புக் குக்கரையும், பகல் பன்னிரண்டு மணிக்குக் குறட்டை விட்ட தகப்பனையும் பார்த்துவிட்டுத் திரும்பியது. ஆசிரியை அந்தப் பக்கத்தில் நட்சத்திரம் ஒட்டி, “மிக இயல்பான வார இறுதி” என்று எழுதியிருந்தார். வெள்ளைக்காரர் பாராட்டும்போதுதான் அதிகம் பயப்பட வேண்டும் என்பது இங்கிலாந்தில் பத்து வருடம் இருந்தவர்களுக்குத் தெரியும். அடுத்த முறை யானைக்குச் சரித்திரம் காட்டுவது என்று வீட்டில் தீர்மானமானது.

கென்டில் சரித்திரம் என்றால் கேன்டர்பரி. 597இல் ரோமிலிருந்து வந்த அகஸ்டின் பாதிரியார் கிறிஸ்தவ மதத்தைப் பரப்பத் தொடங்கிய ஊர் அது. அதன் பேராலயம் 1988 முதல் உலக மரபுச் சொத்து. 1170 டிசம்பர் 29 அன்று, பேராயர் தோமஸ் பெக்கற்றை மன்னனின் வீரர்கள் நால்வர் ஆலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். அவர் விழுந்த இடத்தின் மேல் இன்று வாள்களாகச் செய்த சிற்பம் ஒன்று சுவரில் இருக்கிறது. அதன் கீழே யானை படம் பிடிக்கப்பட்டது. வாள் நிழல் தும்பிக்கையில் விழுந்ததால் படம் நன்றாக வந்தது. நுழைவுச் சீட்டு விலைப் பட்டியலில் பெரியவர், சிறுவர் என்று இருந்ததே தவிர, யானைக்கென்று தனி விலை போடவில்லை.

பெக்கற் கொலையுண்ட சில வருடங்களுக்குள் கேன்டர்பரி யாத்திரைத் தலமாகிவிட்டது. அங்கு வந்த யாத்திரிகர்கள் ஈயமும் தகரமும் கலந்து வார்த்த சின்னம் ஒன்றை வாங்கித் தொப்பியில் குத்திக்கொண்டு ஊர் திரும்புவார்கள். போனேன், பார்த்தேன் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. துணி யானையை நிறுத்திப் படம் எடுப்பவர் செய்வதும் ஏறக்குறைய அதே காரியம், எண்ணூறு வருடம் கழித்து, செலவு குறைவாக.

கேன்டர்பரியிலிருந்து டோவர் போகும் ரயில் பாதையில் அடிசம் என்று ஒரு சிற்றூர். தேவாலயம் ஒன்று, பாடசாலை ஒன்று, 1861இல் திறந்த குட்டி ஸ்டேஷன் ஒன்று. சுற்றுலாப் பயணி இறங்கக் காரணமே இல்லாத ஊர். அப்புத்தளைக்காரர் மட்டும் பெயர்ப் பலகையைக் கண்டதும் எழுந்து நின்றுவிடுவார். இந்த ஊர்ப் பாதிரியாரின் மகனாக 1869இல் பிறந்தவர் தோமஸ் வில்லியர்ஸ். தாய்வழிப் பாட்டனார் இங்கிலாந்தின் பிரதமராக இருந்த ஜோன் ரசல் பிரபு. 1887இல் இலங்கைக்கு வந்து, தோட்டத்துரையாகி, பின்பு கொழும்பில் பெரிய கம்பெனித் தலைவராகி, 1931இல் அப்புத்தளை மலைமுகட்டில் கருங்கல் மாளிகை கட்டி அடிசம் என்று பெயர் வைத்தார். ஊரை விட்டு வந்தவன் வீட்டுக்கு ஊர்ப்பெயர் வைப்பது எல்லா இனத்துக்கும் உள்ள வியாதிதான். கென்டில் வசிக்கும் இதே குடும்பத்தின் வாசற்கதவிலும் ‘அப்புத்தளை’ என்று பலகை தொங்குகிறது. தபால்காரர் அதை நோயின் பெயரைப் போல உச்சரிக்கிறார்.

கென்ட் அடிசம் ஸ்டேஷன் பலகையின் கீழ் யானை உட்கார வைக்கப்பட்டபோது, நாயோடு நடந்து வந்த முதியவர் ஒருவர் நின்று காரணம் கேட்டார். இதே பெயரில் இலங்கை மலையில் ஒரு மாளிகை இருக்கிறது, அங்கும் இந்த யானை போகப் போகிறது என்று சொல்லப்பட்டது. அவர் சற்று யோசித்துவிட்டு, “அங்கேயும் ரயில் இப்படித்தான் தாமதமாக வருமா?” என்று கேட்டார்.

அப்புத்தளைக்கு 1893இல் கோச்சிப் பாதை வந்தது. பதுளைவரை போய்ச் சேர 1924 ஆனது. நானுஓயா தாண்டி, இலங்கையிலேயே மிக உயரத்தில் உள்ள பட்டிப்பொல ஸ்டேஷனைக் கடந்து கோச்சி அப்புத்தளைக்கு இறங்கும். யானை ஜன்னலோரம் உட்கார்ந்தது. பட்டிப்பொலவில் மூடுபனி உள்ளே வந்து அதன் காதை நனைத்தது. வடை விற்க வந்தவர், பிள்ளைக்கு ஒன்று, யானைக்கு ஒன்று என்று இரண்டு வடைக்குக் காசு வாங்கினார். பொம்மையை முறைப்படி பயணியாக மதித்தவர் வழி நெடுக அவர் ஒருவர்தான்.

அடிசம் பங்களா 1960களின் தொடக்கத்திலிருந்து பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். சனி, ஞாயிறு, பௌர்ணமிப் போயா, பாடசாலை விடுமுறை நாட்களில் மட்டும் வெளியாட்களுக்குத் திறப்பார்கள். கென்டில் உள்ள லீட்ஸ் கோட்டையைப் பார்த்துக் கட்டியது என்பார்கள். கென்டிலிருந்து வந்த யானை, கென்டைப் போலச் செய்த வீட்டைப் பார்க்க ஒன்பது மணி நேரம் கோச்சியில் வந்தது என்பதைக் கொப்பியில் எழுதும்போது தகப்பனுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. துறவிகள் செய்து விற்கும் காட்டுக் கொய்யா ஜெலி ஒரு போத்தல் வாங்கப்பட்டது. மூடியைத் திறந்து பார்த்த பிள்ளை, யானைக்கும் ஊட்டியது.

லிப்டன் சீட் என்ற இடத்துக்கு விடியற்காலையில் போக வேண்டும். ஒன்பது, பத்து மணிக்கு மேல் மூடுபனி ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். தம்பேத்தன்னைத் தோட்டத்து உச்சியில், 1890இல் தோட்டம் வாங்க வந்த கிளாஸ்கோ மளிகைக்காரர் தோமஸ் லிப்டன் உட்கார்ந்து தன் சொத்தைப் பார்த்த இடம். இன்று அவரே சிலையாகத் தேநீர்க் கோப்பையோடு அங்கே உட்கார்ந்திருக்கிறார். யானை பக்கத்தில் வைக்கப்பட்டது. கீழிருந்து கொழுந்துக் கூடையோடு ஏறி வந்த பெண்கள் இருவர் நின்று பார்த்தார்கள். “எங்களயும் ஒண்ணு எடுங்க” என்றார் ஒருவர். எடுக்கப்பட்டது. கொப்பியில் அந்தப் பக்கம்தான் அழகாக இருக்கிறது. யானை ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது.

துணிச்சலான பகுதி பதுளையில் நடந்தது. அங்குள்ள சென் மார்க் தேவாலயம் மேஜர் ரொஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் நினைவாகக் கட்டப்பட்டது. 1,400 யானைகளைச் சுட்டவர் என்று சொல்லப்படுபவர். 1845 ஜூனில் அப்புத்தளையில் தங்கியிருந்தபோது, இடிமழை விட்டதா என்று பார்க்க வராந்தாவுக்கு வந்தார். மின்னல் தாக்கி அங்கேயே இறந்தார். நுவரெலியாவில் உள்ள அவர் கல்லறையையும் மின்னல் சும்மா விடவில்லை என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். அவர் நினைவுப் பலகைக்கு முன்னால் வகுப்பு யானை நின்றது. படத்தில் அது முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டது போலத் தெரிகிறது. உண்மையில் பிள்ளைக்குக் கை வழுக்கியது.

பத்திரங்களைப் பொறுத்தவரை யானைக்குக் குறையே இல்லை. வகுப்பாசிரியை அட்டையில் செய்த கடவுச்சீட்டு ஒன்று அதன் கழுத்தில் தொங்குகிறது. அதற்கும் மேலாக, பின்பக்கத் தையலில் ஒரு துணிச் சீட்டு இருக்கிறது: சீனாவில் செய்தது, 30 பாகைக்கு மேல் சூடான நீரில் துவைக்கக் கூடாது. பிறந்த இடம் இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட உறுப்பினர் அந்தக் குடும்பத்தில் முன்பு எவரும் இருந்ததில்லை. இலங்கையின் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தகப்பன், அல்லது பாட்டனும் பூட்டனும், எங்கே பிறந்தார்கள் என்று அத்தாட்சி கேட்டபோது, லயத்தில் எவரிடமும் அது இல்லை. ஸ்டான்லி உறைக்குள் படுத்து கலிபோர்னியா போன அதே 1964இல், அக்டோபர் 30 அன்று, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. 1,50,000 பேரின் கணக்கைப் பிறகு பார்ப்பதாக வைத்துக்கொண்டார்கள். அப்பாயியின் அண்ணன் அப்புத்தளை ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, இராமேஸ்வரத்தில் இறங்கிக் கூடலூர் போய்ச் சேர்ந்தவர். அந்தப் பயணத்துக்கு இருக்கும் படம் ஒன்றே ஒன்று. கடவுச்சீட்டுக்காகப் பதுளை ஸ்டூடியோவில் குடும்பத்தோடு நின்று எடுத்தது; எல்லோரும் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். யானைக்கு இந்த ஒரு விடுமுறையில் மட்டும் 214 படங்கள்.

அப்பாயியிடமிருந்த அந்த ஸ்டூடியோப் படத்தையும், யானையைப் பக்கத்தில் வைத்து, பிள்ளை படம் எடுத்தது. கொப்பியில் அதுவும் ஒட்டப்பட்டுள்ளது. கீழே தகப்பன் எழுதிய குறிப்பு பிள்ளையின் எழுத்துப் பிழைகள் இல்லாமல் இருக்கிறது.

செப்டம்பர் முதல் வாரத்தில் யானை வகுப்புக்குத் திரும்பியது. துவைத்தும் இடது காதில் கொய்யா ஜெலிக் கறை போகவில்லை. 30 பாகைக்கு மேல் சுடவைக்கவும் அனுமதியில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அது வேறு ஒரு பிள்ளையின் பையில் ஏறியது. திங்கட்கிழமை வந்த பக்கத்தில், அந்த வீட்டு நாய் வார இறுதி முழுவதும் யானையின் இடது காதை நக்கிக்கொண்டே இருந்தது என்று எழுதியிருந்தது.