வடாமும் கறிவேப்பிலையும்: மொட்டை மாடி வெயிலின் இருவகைச் செலவு பற்றிய ஓர் ஒப்பாய்வு

கத்திரி வெயில் தொடங்கிய மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு இந்த ஆய்வுக்கு ஆய்வாளர் நியமிக்கப்பட்டார். நியமன உத்தரவு வாய்மொழியாகவே வந்தது: "சும்மாதானே உக்காந்திருக்கே, மேல போயி காக்கா பாத்துக்கோடா." ஆய்வாளருக்கு வயது 58. உத்தரவிட்டவர் அவருடைய அம்மா. களம், திருச்சியில் ஒரு வீட்டின் மொட்டை மாடி. கருவிகள்: பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, கறுப்புக் குடை ஒன்று, மூங்கில் கழி ஒன்று. நிதியுதவி, ஒரு சொம்பு நீர்மோர்.

களத்தில் இரண்டு பொருள்கள் ஒரே வெயிலில் கிடந்தன. ஒன்று, நான்கு மூலையிலும் செங்கல் வைத்து விரித்த பழைய வேட்டியில் கரண்டியால் ஊற்றிய ஜவ்வரிசி வடாம். வரிசைக்கு எட்டாக 12 வரிசை, ஆக 96. மற்றது, கைப்பிடி போன பக்கெட்டில் நிற்கும் கறிவேப்பிலைச் செடி. இரண்டின் மேலும் விழுந்தது சூரியனை விட்டு 8 நிமிடம் 20 விநாடிக்கு முன் கிளம்பிய அதே ஒளி. ஆனால் சாயங்காலம் வடாம் எடை குறைந்து சுருண்டிருந்தது. செடியோ, குண்டுமணி அளவாவது கூடியிருக்க வேண்டும். ஒரே வெயில் ஒன்றை இளைக்க வைத்து இன்னொன்றைக் கொழுக்க வைப்பானேன்? முன்னோடி அறிஞர்கள் இந்தக் கேள்வியை இவ்வடிவில் எழுப்பாததற்குக் காரணம், அவர்கள் ஊரில் வடாம் இல்லை.

செடியை மட்டும் தனியாகப் பார்த்தவர்கள் உண்டு. பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட் 200 பவுண்டு காய்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக் கன்றை நட்டார். தூசி விழாதபடி தொட்டியை ஓட்டை போட்ட தகட்டால் மூடினார். தண்ணீர் தவிர வேறெதுவும் ஊற்றவில்லை. ஐந்து ஆண்டு கழித்து மரம் 169 பவுண்டுக்குச் சற்று மேல்; மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்ஸ். எனவே மரம் முழுக்கத் தண்ணீர்தான் என்று முடிவு கட்டினார். அவர் இறந்த பிறகு, 1648-ல், இது அச்சேறியது. தூசியை மறித்த மனிதர் காற்றை மறிக்கவில்லை. விடையில் பெரும்பங்கு அந்தத் தகட்டுக்கு மேலே சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

இதை மாடிக்கு மோர் கொண்டுவந்த அம்மாவிடம் ஆய்வாளர் விளக்கியபோது கடும் எதிர்ப்பு கிளம்பியது. "காத்துலதான் வளருதா? அப்ப நான் பத்து வருசமா ஊத்துற புளிச்ச மோரு?" ஆய்வு நேர்மை கருதி ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. இலையின் பச்சையத்தில் நடுவே ஒரு மக்னீசிய அணுவும் சுற்றி நான்கு நைட்ரஜன் அணுக்களும் உட்கார்ந்திருக்கின்றன. இவை வேர்வழி வருபவை. வான் ஹெல்மான்ட் அற்பமென்று தள்ளிய 2 அவுன்ஸில் இந்தச் சங்கதியெல்லாம் அடக்கம். அடுப்பு மண்ணிலிருந்து வருகிறது, அரிசிதான் காற்றிலிருந்து வருகிறது என்று சமரசம் சொல்லப்பட்டது. அம்மா ஏற்கவில்லை.

முதலில் வடாமின் செயல்பாடு. வெயில் சுடுகிறது, கூழிலுள்ள தண்ணீர் ஆவியாகிப் போகிறது, அவ்வளவே. தண்ணீர் தண்ணீராகவே வந்தது, தண்ணீராகவே போயிற்று. இலையில் நடப்பது அடிதடி. பச்சையம் பிடித்த ஒளியின் வேகத்தில் தண்ணீரே உடைகிறது. உடைந்ததில் ஹைட்ரஜனின் சாரத்தை இலை வைத்துக்கொண்டு ஆக்சிஜனைக் கொல்லைப்புறமாக வீசிவிடுகிறது. நாம் மூச்சில் இழுப்பது இந்த அடுக்களைக் கழிவைத்தான். அந்த ஆக்சிஜன் வருவது தண்ணீரிலிருந்தே, கரியமில வாயுவிலிருந்து அல்ல என்பதை 1941-ல் ரூபனும் கேமனும் கனமான ஆக்சிஜனை அடையாளம் வைத்துக் கண்டார்கள். மிச்சம் பிடித்த சாரத்தைக் கொண்டு கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கி, உபரியை மாவுச்சத்தாகக் கட்டிவைப்பது அடுத்த வேலை.

இங்கே ஆய்வாளரின் கருதுகோளுக்கு ஒரு பின்னடைவு. வேர் உறிஞ்சும் தண்ணீரில் நூற்றுக்கு 95 பங்குக்கும் மேல் உடைபடாமல், சமையலில் சேராமல், இலைத்துளை வழியே ஆவியாகிவிடுகிறது. காற்றில் கரியமில வாயு பத்தாயிரத்துக்கு நான்கு சொச்சம்தான். அந்தப் பிச்சையை வாங்கக் கதவைத் திறந்தால் வீட்டுத் தண்ணீர் வெளியே ஓடுகிறது. ஆக, இலையும் பெரும்பாலும் காயும் வடாம்தான். ஓரமாகக் கொஞ்சம் சமைக்கிறது. உச்சிவெயிலில் தண்ணீர் தட்டினால் துளைகளைச் சாத்திக்கொண்டு சமையலைச் சுருக்கிவிடும். பகல் ஒரு மணிக்கு ஆய்வாளரும் கண்களைச் சாத்தியது இதைச் சோதிக்கவே.

நிறம் பற்றி ஒரு குறிப்பு. பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் விரும்பி எடுத்துக்கொள்கிறது. பச்சையில் கணிசமானதைத் திருப்பி அனுப்புகிறது. செடியின் நிறமாக நாம் பார்ப்பது செடி வேண்டாமென்று வைத்தது. சாப்பாட்டு இலையில் நாம் கறிவேப்பிலையை ஓரமாக ஒதுக்குகிறோம். கறிவேப்பிலை தன் பங்குக்குப் பச்சையை ஒதுக்குகிறது. ஒதுக்கப்பட்டவரே ஒதுக்குபவராகவும் இருப்பது சமூகவியலாரின் கவனத்துக்கு உரியது.

இனி, மகசூல் இழப்பு. கரியமில வாயுவைப் பிடித்துக் கொடுக்கும் ஊழியரின் பெயர் ரூபிஸ்கோ. மகா மந்தம்: வேறு பல நொதிகள் விநாடிக்கு நூற்றுக்கணக்கில் வேலை முடிக்க, இவர் முடிப்பது மூன்றுக்குச் சற்று முன்பின். ஆள் பற்றாக்குறையை ஈடுகட்ட இலை இவரைக் கும்பல் கும்பலாக வேலைக்கு வைத்திருக்கிறது. அதைவிட மோசம், கரியமில வாயு என்று நினைத்து ஆக்சிஜனையும் பிடித்துவிடுகிறார். இவர் வேலைக்குச் சேர்ந்த ஆதிகாலத்தில் காற்றில் ஆக்சிஜன் அனேகமாகக் கிடையாது. இன்று நூற்றுக்கு 21. பிடித்த பிழையைச் சரிக்கட்ட, சேர்த்துவைத்த கரியில் ஒரு பகுதியைச் செடியே இழக்கிறது. வெப்பம் ஏற ஏற இந்தப் பிழை கூடும். சூடான நாளில் இழப்பு கால் பங்கைத் தொடலாம்.

களத்தில் இதற்கு நிகரான நிகழ்வு காலை பதினொன்றரைக்குப் பதிவாயிற்று. மேலே காய்ந்து, அடியில் இன்னும் கூழாக, பச்சை மிளகாயும் பெருங்காயமும் எலுமிச்சையும் கூடி நிற்கும் அரைப்பத வடாம் வேட்டியிலிருந்து உரியும்போது விரலோடு வரும். வாயில் வைத்தால் ஓரம் நெறுநெறுவென்றும் நடு வழவழவென்றும் இருக்கும். காவலுக்கு இருந்த ஆய்வாளர் ஒன்றைத் தரச் சோதனைக்கு எடுத்தார். ஒன்றை வைத்துத் தரத்தை நிர்ணயிப்பது ஆய்வு மரபல்ல என்பதால் மேலும் சில எடுக்கப்பட்டன. சேமிக்க வந்தவரே செலவழிப்பது ரூபிஸ்கோவுக்கு மட்டும் உரிய குணமல்ல என்பது நிறுவப்பட்டது.

கரும்பு இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. 1966-ல் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச்சும் ஸ்லாக்கும் விளக்கிய ஏற்பாடு அது: கரியமில வாயுவை வெளி அறையில் வேறொருவர் பிடித்து, உள்ளறைக்கு அனுப்பி, அங்கே ரூபிஸ்கோவைச் சுற்றி நெருக்கமாகக் கொட்டுகிறார். ஆக்சிஜனைத் தொட அவருக்கு வாய்ப்பே குறைவு. வடாமைக் கொசுவலைக்குள் காயவைப்பதற்குச் சமம். கூடுதல் செலவு உண்டு, ஆனால் வெயில் தேசத்தில் கட்டுபடியாகும். கறிவேப்பிலையிடம் இந்த வலை இல்லை. எங்கள் வீட்டிலும் இல்லை.

வடாமின் பூர்வீகமும் விசாரிக்கப்பட்டது. ஜவ்வரிசி, சேலம் பக்கத்து மரவள்ளிக்கிழங்கின் மாவு. அந்த மாவு முதலில் மரவள்ளி இலையில் வெயிலால் சர்க்கரையாகி, தண்டு வழியே இறங்கிக் கிழங்கில் தங்கியது. ஆலைக்கு வந்தபின் சிமெண்டுக் களத்தில் மறுபடி வெயிலில் காய்ந்தது. இப்போது எங்கள் மாடியில் மூன்றாம் முறை. தான் செய்த பொருளையே மூன்று தடவை சரிபார்க்கும் அதிகாரி சூரியனைத் தவிர யாருமில்லை. பொரிக்கும் கடலை எண்ணெயும் இலையில் பிறந்ததே. இந்தப் பரம்பரையில் சேராத ஒரே உறுப்பினர், தூத்துக்குடி உப்பளத்தில் வெறுமனே காய்ந்து வந்த உப்பு. அது வடாம் கட்சி. இலைக் கட்சி அல்ல.

மாலை ஐந்தரைக்குத் தணிக்கை நடந்தது. வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்து எண்ணியதில் 71. குறைவு 25, அதாவது கால் பங்குக்குச் சற்று மேல். ரூபிஸ்கோவின் கணக்கோடு இது பொருந்துவது தற்செயல் அல்ல என்று ஆய்வாளர் கருதுகிறார். இழப்புக்குக் காக்கையே காரணம் என்ற அவரது வாதத்தை அம்மா கேட்டுக்கொண்டார். பிறகு, "காக்காவுக்கு மீசையில கூழ் ஒட்டுமாடா?" என்று கேட்டுவிட்டு, ரசத்துக்கு இரண்டு ஆர்க்கு கறிவேப்பிலையைக் கிள்ளிக்கொண்டு படியிறங்கினார்.

மறுநாள் காவலுக்குக் கறுப்புக் குடை மட்டும் விரித்துவைக்கப்பட்டது.