மேஸ்திரிமாரின் பெருங்கருணை

கட்டட வேலையைப்போலப் பெண்ணைப் பொத்திப் பாதுகாக்கும் தொழில் தமிழ்நாட்டில் வேறு உண்டா என்பது சந்தேகம்தான். ஆண்களிடம்தான் அங்கே ஈவிரக்கம் இல்லை. மீசை அரும்பும் வயதில் பெரியாளாக வந்து நிற்பவனை, சில வருடங்களிலேயே கரண்டி பிடிக்கச் சொல்லி, பூச்சு வேலை பழக்கி, தூக்குக்குண்டு விடவைத்துக் கொத்தனார் ஆக்கிவிடுகிறார்கள். கொஞ்சம் வாய் சாமர்த்தியமும் இருந்துவிட்டால் மேஸ்திரிப் பொறுப்பும் அவன் தலையில் விழும். பாவம், சம்பளமும் கூடவே ஏறித் தொலைக்கும். சித்தாளுக்கு இந்த உபத்திரவம் எதுவும் கிடையாது. இருபது வயதில் தூக்கிய பாண்டை ஐம்பது வயதிலும் தூக்கலாம். அரசாங்க உத்தியோகத்தில்கூட இப்படியொரு நிரந்தரம் கிடையாது.

மேஸ்திரிமாரின் சட்ட ஞானத்தையும் மெச்சத்தான் வேண்டும். சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சர்வதேச உடன்படிக்கையை இந்தியா 1958-இல் ஏற்றது. 1976-இல் சம ஊதியச் சட்டம் வந்தது. திறன், உழைப்பு, பொறுப்பு மூன்றும் ஒத்திருந்தால் அது ஒரே வேலை என்று அதில் இலக்கணமும் வகுத்தார்கள். டெல்லியில் அத்தனை பேர் மூளையைக் கசக்கியதை நம் மேஸ்திரி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே தீர்த்துவைத்தார். சித்தாளுக்குக் கொத்தனார் வேலையைக் கொடுத்தால்தானே கூலி சமமா என்ற கேள்வி வரும்? பயிற்சியிலும் பதவி உயர்விலும் பாரபட்சம் கூடாது என்று 1987-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். அதற்கும் அவர் அசரவில்லை. விடிகாலையில் சாலையோரம் தூக்குச்சட்டியோடு நிற்பவளைக் கைகாட்டிக் கூப்பிடுவதுதான் நியமன உத்தரவு. காகிதமே இல்லாத இடத்தில் பதவி எங்கே, உயர்வு எங்கே?

பெரியாளும் சித்தாளும் ஒரே கலவையோடுதானே மாரடிக்கிறார்கள், அவனுக்கு மட்டும் ஏன் கூடுதல் என்று சிலர் குதர்க்கம் பேசுகிறார்கள். அவன் மண்வெட்டியால் கலவையை அள்ளிப் போடுகிறான், அது வேலை. அவள் அதைச் சும்மாட்டில் ஏற்றி மூன்று மாடி போய்வருகிறாள், அது நடைப்பயிற்சி. காசு கொடுத்து ஜிம்முக்குப் போகிறவர்களைக் கேட்டால் இதன் அருமை தெரியும்.

கரண்டி விஷயத்திலும் அவளை அடியோடு ஒதுக்கிவிட்டார்கள் என்று சொல்லமுடியாது. சாயங்காலம் கரண்டியையும் மட்டப்பலகையையும் காரை போகக் கழுவி வைப்பது அவள்தான். பிடித்துப் பூசுவது மட்டும்தான் கூடாது, சுவர் கோணிவிடுமாம். காலையில் வாசலில் நூல் பிடித்ததுபோல் கோலம் இழுத்துவிட்டு வருகிற அதே கை, வேலையிடத்துக்கு வந்ததும் எப்படித்தான் கோணுகிறதோ! ஜார்க்கண்டில் கிராமத்துக் கழிப்பறைகள் கட்டப் பெண்களுக்குக் கொத்து வேலை கற்றுக்கொடுத்து, ‘ராணி மிஸ்திரி’ என்று பெயரும் சூட்டினார்கள். அந்தச் சுவர்கள் விழுந்ததாகத் தகவல் இல்லை. வடக்கத்திச் செங்கல் வேறு ஜாதியாக இருக்கும்.

குழந்தைகள் மீதும் இதே அக்கறைதான். ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் கட்டுமான இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தனி அறை வேண்டும் என்றது 1996-ஆம் ஆண்டுச் சட்டம். பிஞ்சுகளை அறையில் அடைக்க மனம் வருமா? ஒப்பந்தத்தை மேஸ்திரிவாரியாகக் கூறுபோட்டால் எந்தக் கணக்கிலும் ஐம்பதைத் தாண்டாது. பிள்ளை வேப்பமரத்துத் தூளியில் சிமெண்டுக் காற்று வாங்கி வளர்கிறது.

இப்போது ரெடிமிக்ஸ் லாரியும் லிஃப்டும் வந்துவிட்டன. அவள் தலைச்சுமையை இறக்கியவர்கள், பெருந்தன்மையாக அவளையும் சேர்த்தே இறக்கிவிட்டார்கள். பொத்தானை அழுத்தும் கஷ்டத்தை ஆண்களே சுமந்துகொள்கிறார்கள்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே இடத்தில் வேலை பார்த்தால் சனிக்கிழமைப் பட்டுவாடாவில் கூடுதல் சலுகையும் உண்டு. அவள் கூலியையும் சேர்த்து அவன் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். எண்ணிப் பார்க்கும் தொந்தரவு அவளுக்கு எதற்கு? அந்த நேரத்துக்கு வீட்டுக்குப் போய்த் தண்ணீர் பிடித்து உலை வைக்கலாம். அந்த வேலைக்குக் கூலியே கிடையாது என்பதால், குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது.