காற்றுக்கு ஏது வாரண்டி?

கம்ப்ரசர் நின்ற பிறகும் பிரஷர் ஸ்விட்ச் ஓரத்தில் ‘உஸ்’ என்று காற்று கசிந்துகொண்டே இருந்தால் ஸ்விட்சைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் குற்றவாளி டேங்க் வாயிலுள்ள நான்-ரிட்டர்ன் வால்வு. அது சரியாக மூடாமல் டேங்க் காற்று பின்னால் திரும்புகிறது. பட்டறைப் பையனுக்கே தெரிந்த சேதி. கம்பெனிக்குத் தெரியத்தான் போட்டோ, வீடியோ, சீரியல் நம்பர், முத்திரை வைத்த கார்டு எல்லாம் வேண்டும். அனுப்பினால், வால்வு, பெல்ட், ஃபில்டர், பிஸ்டன் ரிங் எல்லாம் தேய்மானப் பொருளாம், வாரண்டியில் வராதாம். மிச்சம் டேங்க். அது துருப்பிடித்தால், “தினமும் தண்ணி வடிச்சீங்களா சார்?”

கழற்றினால் வாரண்டி போச்சு. கழற்றாமல் கோளாறை விவரிக்க வேண்டும். தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோரே இல்லை என்றும் மிரட்டுவார்கள். ஆனால் சொந்த உழைப்பில் பிழைக்க வாங்கியவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராக ஏற்கிறது. பில்லை இன்றே ஜெராக்ஸ் எடுங்கள். அந்த மை வாரண்டிக்கு முன்பே மறைந்துவிடும்.