ரசீது சார்

ஓசூரில் எந்த லேஅவுட்டுக்குப் போனாலும் ஒரு ரசீது சார் இருப்பார். சிப்காட்டில் ஏதோ ஒரு கம்பெனியில் காலமெல்லாம் ஷிஃப்ட் பார்த்து ரிட்டயர் ஆனவர். பாகலூர் ரோடு பக்கம் சொந்த வீடு, மாடியில் வாடகைக்கு ஒரு பையன். வீட்டுப் பத்திரமும் நகையும் பேங்க் லாக்கரில் இருக்கும். தபால் ரசீதுகள் மட்டும் கட்டிலுக்கு அடியில், தகரப் பெட்டியில், கைக்கெட்டும் தூரத்தில்.

வேலையில் இருந்தபோது ஒருநாள் வீட்டுக்கு ரிஜிஸ்தர் தபாலில் சார்ஜ் ஷீட் வந்தது. தினமும் எட்டு மணி நேரம் கண்ணெதிரே நிற்கிற ஆளிடம் கையில் கொடுக்காமல் எதற்குத் தபாலாபீஸ் வழியாகச் சுற்றி அனுப்பினார்கள் என்று யோசித்தார். யோசித்து முடித்தபோது பாதி வக்கீலாகியிருந்தார். 1897-ஆம் வருடத்து ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 27-ஆவது பிரிவு அன்றிலிருந்து அவருக்குக் கந்த சஷ்டி கவசம். சரியான விலாசம், கட்டிய கட்டணம், ரிஜிஸ்தர் முத்திரை இருந்துவிட்டால் கடிதம் போய்ச் சேர்ந்ததாகவே கோர்ட் வைத்துக்கொள்ளும். சேரவில்லை என்று எதிராளிதான் நிரூபிக்க வேண்டும்.

“அவன் வாங்கினா என்ன, வாங்காட்டி என்னங்க? நான் அனுப்பிட்டேன்!”

‘வாங்க மறுத்தார்’ என்று எழுதித் திரும்பி வந்த கவர்களைப் பிரிக்கவே மாட்டார். ஜட்ஜ் முன்னால்தான் பிரிக்க வேண்டுமாம். எந்த ஜட்ஜ், என்ன கேஸ் என்று கேட்டால் கோபம் வரும்.

மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை. அதற்காக ரயில்வேக்கு மனு மேல் மனு போட்டார். ரயில் வரவில்லை, மனு சேர்ந்ததற்கான ஏடி கார்டு வந்தது. யாரோ குமாஸ்தாவின் கிறுக்கல் கையெழுத்தோடு வந்த அந்தக் கார்டைத் தெருவெல்லாம் காட்டினார். பொம்மசந்திராவில் வேலை பார்க்கும் மகன், “வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல டிக் வருமேப்பா” என்றதற்கு, “டிக்குல ரப்பர் ஸ்டாம்ப் எங்கடா?” என்று கேட்டு அடக்கிவிட்டார்.

சாதாரணத் தபாலை அவர் மதிப்பதில்லை. ஐந்து ரூபாய்க்கு இருபது கிராம் கடிதம் ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளிக்கும் போகும், காஷ்மீருக்கும் போகும். தூரம் பார்க்காமல் ஒரே கட்டணம் என்பது 1854-இல் அரையணா ஸ்டாம்ப் வந்த காலத்து ஏற்பாடு. சிப்காட் டீக்கடையில் இன்று ஐந்து ரூபாயை நீட்டினால் முறைப்பார்கள். போஸ்ட் கார்டைத் தவிர, நாட்டில் இதைவிட மலிவான சரக்கு எனக்குத் தெரிந்து இல்லை. கார்டு இன்னமும் ஐம்பது காசு. அந்தக் காசை யாரும் வாங்காததால் எழுத ஆளில்லாவிட்டாலும் இரண்டாக வாங்க வேண்டியிருக்கிறது. ஆனால் இவற்றுக்கெல்லாம் ரசீது கிடையாதே!

தபால் இலாகா அவரை மூன்று முறை அழவைத்தது. 2011-இல், கடிதம் போட்டதற்கு மலிவாகச் சீல் குத்திக் கொடுத்த ‘சர்ட்டிபிகேட் ஆஃப் போஸ்டிங்’ போயிற்று. 2013 ஜூலையில் தந்தி போயிற்று. 2025-இல் ரிஜிஸ்தரையே ஸ்பீட் போஸ்ட்டில் கரைத்துவிட்டார்கள். கரைக்கப் போகிறார்கள் என்று பேப்பரில் படித்த அன்றே டெல்லிக்கு ஒரு கண்டனக் கடிதம் போட்டார். ரிஜிஸ்தரில்தான்.

முன்பு வரியோடு 25 ரூபாய் 96 காசில் ரிஜிஸ்தர் முடிந்தது. 2025 அக்டோபர் 1-இலிருந்து ஐம்பது கிராம் வரை ஸ்பீட் போஸ்ட் ஊருக்குள் 19 ரூபாய், வெளியூர் என்றால் 47, வரி தனி. ரிஜிஸ்தர் வேண்டுமானால் மேலே ஐந்து ரூபாய். சார் கவுன்ட்டரில் கொதித்தார்.

“ஏன் மேடம், பஸ்ல அத்திப்பள்ளி போய் நேர்ல குடுத்துட்டு வந்தாலும் இவ்ளோ ஆகாதே?”

“போய்க் குடுத்துட்டு வாங்களேன் சார்.”

“குடுத்தா ரசீது யார் தருவா?”

பின்னால் நின்ற வரிசை அவரை நகர்த்தியது.

மாடிப் பையனின் வாஷிங் மெஷின் தண்ணீர் கீழே ஒழுகுகிறது என்று சமீபத்தில் ஒரு நோட்டீஸ். பதினாறு படி ஏறிச் சொல்லலாம். சொல்வது சார் மரபில் இல்லை. ஊருக்குள் கட்டணத்தில் அனுப்பினார். ரிஜிஸ்தரைக் கொன்றுவிட்டு அதன் பேரிலேயே காசு கேட்பவர்களுக்கு அந்த ஐந்து ரூபாயைத் தர மாட்டேன் என்று கொள்கை ரீதியாக மறுத்தும்விட்டார். வெறும் ஸ்பீட் போஸ்ட் விலாசத்துக்குத்தான் கட்டுப்பட்டது, பெயருக்கு அல்ல. அந்த விலாசத்தில் யார் இருந்தாலும் வாங்கிக்கொள்ளலாம். பழைய ரிஜிஸ்தரின் கௌரவமே, பெயருக்கு உரியவரைத் தேடிக் கொடுப்பதில்தான் இருந்தது.

மறுநாள் டிராக்கிங்கில் ‘டெலிவரி ஆயிற்று’ என்று வந்தது. சார் பூரித்துப் போய்ப் பெட்டியைத் திறந்தபோது, அடுப்படியிலிருந்து அவர் மனைவி கேட்டார்:

“ஏங்க, மாடிப் பையன் ஷிஃப்ட்டுக்குப் போயிட்டான். தபால்காரர் பாவம் வெயில்ல நின்னாரு, நானே கையெழுத்துப் போட்டு வாங்கி வச்சிருக்கேன். ஏதாச்சும் முக்கியமான தபாலா?”

அன்று சாயங்காலமே சார் ஐந்து ரூபாய் கூடுதலாகக் கட்டி ஒரு ரிஜிஸ்தர் அனுப்பினார். அது பையனுக்கா, வீட்டம்மாவுக்கா என்பதில் தெருவில் இரண்டு கருத்து உண்டு.